போர் விமானம் இல்லாத ராணுவம் – கடிதம்

வணக்கம் சார்,

டப்ளினில் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். இங்கே அலுவலகத்தில் அயர்லாந்து ராணுவத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் சிரிக்கிறார்கள். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றையும் சேர்த்தால்கூட ஏழாயிரத்து ஐந்நூறு பேர்தான் தேறுவார்கள். போர் விமானம் ஒன்றுகூடக் கிடையாது. டாங்கி கிடையாது. உலக ராணுவங்களின் தரவரிசைப் பட்டியலில் எங்கோ அடியில் கிடக்கிறது. ஆனால் காங்கோ, லெபனான், சாட் என்று அமைதிப்படைக்கு மட்டும் விடாமல் போயிருக்கிறார்கள். இதெல்லாம் பெயருக்குத்தானே? இதை ஒரு ராணுவம் என்று சொல்ல முடியுமா? எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராத இவர்கள் நடுநிலை என்பது வசதியான கோழைத்தனம் என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்தை அறிய ஆவல்.

சரவணன்

அன்புள்ள சரவணன்,

வேறு நேரமாக இருந்தால் இந்தக் கடிதத்துக்கு இரண்டு வரி பதில் போட்டு முடித்திருப்பேன். ஆனால் அதில் காங்கோ என்று எழுதிவிட்டீர்கள். கொஞ்ச நாளாக நான் 1961 செப்டம்பரில் காங்கோவின் கட்டங்கா மாகாணத்தில் நடந்ததைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். எனவே அகப்பட்டுக்கொண்டீர்கள்.

தரவரிசைப் பட்டியலைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. டாங்கிகளையும் விமானங்களையும் எண்ணிக் கூட்டி மதிப்பெண் போடுகிறவர்கள் போடட்டும். தளவாடம் என்னென்ன என்று தெரிய வேண்டுமென்றால் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் துப்பாக்கி. சுவிட்சர்லாந்து வடிவமைத்த மோவாக் பிரானா என்ற எட்டுச் சக்கரக் கவச வாகனம், சுமார் 80. 105 மில்லிமீட்டர் இலகு பீரங்கி, ஜாவலின் ஏவுகணை. ஸ்கார்பியன் என்ற குட்டி டாங்கி சில இருந்தன, 2017இல் அவற்றுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். விமானப்படையிடம் இருப்பவற்றில் ஆயுதம் பூட்டக்கூடியது பிலாட்டஸ் பயிற்சி விமானம். ராணுவ ரேடார் வாங்கும் வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. கடற்படையில் கப்பல் இருந்தும் மாலுமி இல்லாமல் சில கப்பல்கள் துறைமுகத்திலேயே கட்டிக் கிடந்தன. உங்கள் அலுவலக நண்பர்கள் சிரிக்கட்டும், சிரிக்க இடம் இருக்கிறது. போதுமா?

இனி காங்கோ.

1960 ஜூலையில் அயர்லாந்தின் 32ஆம் பட்டாலியன் காங்கோவுக்குக் கிளம்பியபோது அவர்களை ஏற்றிப்போக அவர்கள் நாட்டிடம் விமானம் இல்லை. அமெரிக்காவின் குளோப்மாஸ்டர்கள் வந்து தூக்கிச் சென்றன. பூமத்திய ரேகை நாட்டுக்குப் போனவர்கள் உடுத்தியிருந்தது அயர்லாந்துக் குளிருக்கு நெய்த முரட்டுக் கம்பளிச் சீருடை. காளைமாட்டு ரோமம் என்று சிப்பாய்களே அதைக் கேலி செய்வார்கள். கையில் பழைய லீ என்ஃபீல்டு துப்பாக்கி. அந்த ஆண்டு நவம்பர் 8 அன்று நியெம்பா என்ற இடத்தில் 11 பேர் கொண்ட ரோந்துக் குழு பதுங்கித் தாக்கப்பட்டு 9 பேர் இறந்தார்கள். அவர்களுடைய சவ ஊர்வலத்தைப் பார்க்க டப்ளின் தெருக்களில் பெருங்கூட்டம் திரண்டது. நீங்கள் தினமும் போய்வரும் அதே ஊர்.

அடுத்த ஆண்டு ஜாடோவில். இன்று லிகாசி என்று பெயர். செம்பும் கோபால்ட்டும் கிடைக்கும் சுரங்க ஊர். காங்கோவிலிருந்து கட்டங்கா பிரிந்துபோனதாக அறிவித்திருந்த காலம். சுரங்கக் கம்பெனியின் பணம் கட்டங்காவின் பின்னால் நின்றது. அங்கிருந்த ஐரோப்பியர்களைக் காப்பாற்ற 35ஆம் பட்டாலியனின் ஏ கம்பெனியை ஐநா அனுப்பியது. 150க்குச் சற்று மேற்பட்ட ஆட்கள், தலைமை கமாண்டன்ட் பாட் குயின்லன். போய் இறங்கினால், காப்பாற்றப்பட வேண்டியவர்கள் இவர்களை விரோதிகளாகப் பார்க்கிறார்கள்! குயின்லனுக்கு ஆபத்தின் வாடை பிடித்துவிட்டது. பதுங்குகுழி வெட்டச் சொன்னார். அந்த ஒரு உத்தரவுதான் அத்தனை பேரையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது.

செப்டம்பர் 13 காலை கட்டங்காவின் தலைநகரான எலிசபெத்வில்லில் ஐநா படை தாக்குதல் தொடங்கியது. அதற்குப் பழி ஜாடோவில்லில் விடிந்தது. பலர் திருப்பலி வழிபாட்டில் இருந்த நேரத்தில் கட்டங்கா படை, ஐரோப்பியக் கூலிப்படையினரோடு பாய்ந்தது. அவர்களிடம் ஆயிரக்கணக்கில் ஆட்கள். வானத்தில் ஃபூகா மஜிஸ்டர் என்ற ஒற்றை ஜெட். அதுவும் பயிற்சி விமானம்தான், குண்டு மாட்டியிருந்தார்கள், அவ்வளவே. அதை எதிர்க்க ஐநாவிடம் அன்று ஒரு போர் விமானம்கூட இல்லை. (பின்னாளில் அதே ரக விமானத்தை அயர்லாந்தே வாங்கிப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டது. வரலாற்றுக்கு இப்படிச் சில கிண்டல்கள் உண்டு.) விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி, பிரென் துப்பாக்கி, 60 மில்லிமீட்டர் மோர்ட்டார். இவற்றை வைத்துக்கொண்டு 17ஆம் தேதிவரை நின்றார்கள். அயர்லாந்துக்காரர் ஒருவர்கூடச் சாகவில்லை, ஐந்து பேருக்குக் காயம். குண்டும் தண்ணீரும் தீர்ந்த பிறகுதான் சரணடைந்தார்கள். அன்றிரவுதான் ஐநா பொதுச்செயலர் ஹாமர்ஷல்டின் விமானம் இந்தோலா அருகே விழுந்தது. உலகச் செய்தி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

நான் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி.

முற்றுகையின் நடுவே ஒரு ஹெலிகாப்டர் வந்தது. நார்வே விமானி ஒருவரும் சுவீடன்காரர் ஒருவரும் சுடுகிற சூட்டுக்குள் ஓட்டி வந்து இறக்கினார்கள். அவர்கள் துணிச்சலுக்குக் கைகூப்பலாம். அதில் தண்ணீர் கேன்கள் இருந்தன. திறந்தால் எண்ணெய் வாடை. எரிபொருள் வைத்திருந்த கேன்களைச் சரியாகக் கழுவாமல் எவனோ ஒருவன் தண்ணீர் நிரப்பி அனுப்பியிருக்கிறான். நாக்கு வறண்டு கிடந்தவர்களால் அதைக் குடிக்க முடியவில்லை.

சரவணன், இந்த இடத்தில்தான் நான் நாள்கணக்கில் நின்றுகொண்டிருக்கிறேன். என் பெரிய மாமா இந்திய ராணுவத்தில் சப்ளை பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். அவரிடம் துப்பாக்கி சுட்ட கதை ஒன்றுகூடக் கிடையாது. அரிசி மூட்டை, பருப்பு, மண்ணெண்ணெய், கோவேறு கழுதை, இவைதான் அவர் கதைகள். சின்ன வயதில் எங்களுக்கு அவரைப் பார்த்தால் இளக்காரம். குடியரசு தின அணிவகுப்பில் டாங்கி வரும்போது நாங்கள் கைதட்டுவோம். அவர், "இதுக்கு டீசல் எவன்டா கொண்டு போறான்? அவனக் காட்டச் சொல்லு" என்பார். கல்யாணப் பந்தியில் தண்ணீர் வைத்தால் டம்ளரை முகர்ந்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். அத்தைக்கு மானம் போகும். எண்ணெய் கேன் ஆயுசுக்கும் எண்ணெய் கேன்தான், மாற்றி ஊற்றுகிறவன் எதிரியைவிட மோசம் என்று சொல்வார். அது ஒரு கிழவரின் பழக்கதோஷம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

தளவாடம் என்றால் என்ன என்று இப்போது சொல்லுங்கள். துப்பாக்கியா? ஜாடோவில்லில் துப்பாக்கி இருந்தது, அதைப் பிடிக்கத் தெரிந்த கையும் இருந்தது. மோர்ட்டார் இருந்தது. சுத்தமான கேன் இல்லை. அவர்களை மீட்கப் பாலம் தாண்டி வரக்கூடிய பலமான படை இல்லை. நாளைக் காலை எலிசபெத்வில்லில் தாக்கப்போகிறோம், ஜாக்கிரதை என்று நேரத்தோடு சொல்ல ஒரு நாதி இல்லை. போர் விமானத்தைப் பற்றிக் கேட்டீர்களே, அன்று பத்து விமானங்களை அயர்லாந்து வைத்திருந்தாலும் அவை டப்ளின் அருகே பால்டோனல் விமானத் தளத்தில் கொட்டகைக்குள்தான் நின்றிருக்கும். ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோக வழியில்லை. ஒரு நாடு தன் பிள்ளையைத் தூரதேசத்துக்கு அனுப்பும்போது அவனுக்குப் பின்னால் எத்தனை மைல் நீளத்துக்குக் கயிறு விடுகிறது என்பதுதான் கேள்வி. அந்தக் கயிறு தண்ணீர் கேனில் அறுந்தது. பட்டியல் போடுகிறவர்கள் யாராவது சுத்தமான தண்ணீர் கேன்களை எண்ணியிருக்கிறார்களா?

ஜாடோவில்லுக்குப் போகும் வழியில் லுஃபிரா ஆற்றுப் பாலம் வரை மீட்புப் படை வந்தது. அதில் அயர்லாந்துக்காரர்களோடு நம் கூர்க்கா ரெஜிமென்ட் வீரர்களும் இருந்தார்கள். அந்த முயற்சியில் இந்தியர்கள் உயிரிழந்தார்கள். பாலத்தைத் தாண்ட முடியவில்லை. 1963 ஜனவரியில்தான் இந்தியப் படை லுஃபிராவைக் கடந்து ஜாடோவில்லுக்குள் நுழைந்தது. அப்போது காங்கோவில் இருந்த இந்திய பிரிகேடில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் நான்காம் பட்டாலியனும் உண்டு. தமிழ் பேசுகிறவர்கள் அந்தச் செம்மண்ணில் நடந்திருக்கிறார்கள். நம்மூரில் இதை யார் எழுதினார்கள் என்று கேட்க ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும், விட்டுவிடுகிறேன்.

பிடிபட்டவர்கள் அக்டோபர் கடைசியில் விடுதலையாகித் திரும்பினார்கள். குயின்லன் பலருக்கு வீரப் பதக்கம் பரிந்துரைத்தார். ஒன்றுகூட வழங்கப்படவில்லை. சரணடைந்தவர்கள் அல்லவா? பாசறைக்குள்ளேயே 'ஜாடோவில் ஜாக்' என்று ஏசியிருக்கிறார்கள். நாற்பதாண்டுக்கு மேல் அந்தப் பேச்சு. குயின்லன் 1997இல் இறந்தார். 2005இல் அத்லோன் பாசறையில் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். 2016இல் கம்பெனிக்குப் பாராட்டுச் சான்று, 2017இல் பதக்கம். பல பதக்கங்களை மனைவிமாரும் பிள்ளைகளும்தான் வாங்கினார்கள். தண்ணீர் கேனில் எண்ணெய் கலந்தவனைக்கூட நான் மன்னித்துவிடுவேன், அவன் அவசரத்தில் இருந்திருப்பான். பாசறையில் உட்கார்ந்து ஏசியவர்களுக்கு என்ன அவசரம்?

இப்போது உங்கள் 'கோழைத்தனம்'. எழுதும்போது கை கூசவில்லையா? 1958இல் லெபனானுக்குப் பார்வையாளர்களை அனுப்பியதிலிருந்து இன்றுவரை அயர்லாந்துச் சிப்பாய் எங்கோ ஓரிடத்தில் ஐநாவின் நீலத் தொப்பியோடு நின்றுகொண்டேதான் இருக்கிறான். வெளிநாட்டுப் பணியில் இறந்தவர்கள் 88 பேர். பாதிக்கு மேல் லெபனானில். 2022 டிசம்பரில்கூட அல் அக்பியா என்ற கிராமத்தருகே ஒரு இளம் சிப்பாய் வண்டியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டான். 2024 அக்டோபரில் எல்லையோரத்து 6-52 என்ற காவல் நிலையத்தின் பக்கத்திலேயே இஸ்ரேலிய டாங்கிகள் வந்து நின்றன. காலி செய்யுங்கள் என்று சொன்னார்கள். உள்ளே இருந்த அயர்லாந்துக்காரர்கள் நகரவில்லை. சில நாளில் டாங்கிகள்தான் நகர்ந்தன. அங்கே சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் பையன்களுக்குத் தெரியாதா? நீங்கள் அலுவலகத்தில் காபி குடித்துக்கொண்டு சிரித்த ராணுவம் அது.

'வசதியான' என்று போட்டீர்களே, அது வேண்டுமானால் சரி. அதை அரசியல்வாதிகளுக்குச் சொல்லுங்கள். பணக்கார நாடு. உள்நாட்டு உற்பத்தியில் பாதுகாப்புக்குச் செலவிடுவது நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. வானத்தில் அந்நிய விமானம் வந்தால் பிரிட்டன் பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு. ஐநா ஒப்புதல், அமைச்சரவை ஒப்புதல், நாடாளுமன்ற ஒப்புதல் மூன்றும் இருந்தால்தான் பன்னிரண்டு பேருக்கு மேல் வெளியே போகலாம் என்ற விதியைத் தளர்த்தலாமா என்று இப்போது அங்கே பெரிய சண்டை. எனக்கு அதில் உறுதியான கருத்து இல்லை. ஐநா லெபனான் படையே 2026 டிசம்பர் 31உடன் முடியும் என்று பாதுகாப்பு சபை தீர்மானித்துவிட்டது. அதன் பிறகு இவர்கள் எங்கே போவார்கள், யாருடைய விமானத்தில் போவார்கள் என்பதைத்தான் நான் கேட்பேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். தூர ஊரில் தனியாக இருக்கிற பையன், பொழுதுபோகாமல் யூடியூபில் ராணுவப் பட்டியல் பார்க்கிறீர்கள் என்று புரிகிறது. நல்ல ஆர்வம்தான், தப்பான இடத்தில் மேய்கிறது. டப்ளினில் ரத்மைன்ஸ் பக்கம் கேதல் புரூகா பாசறைக்குள் ராணுவ ஆவணக் காப்பகம் இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டால் படிப்பதற்கு அனுமதிப்பார்கள். காங்கோ போன பட்டாலியன்களின் ஆவணங்கள் அங்கே உண்டு. 35ஆம் பட்டாலியனைக் கேளுங்கள். ரேஷன், வண்டி, தண்ணீர் பற்றி ஏதாவது தாள் கண்ணில் பட்டால் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். டாங்கி எத்தனை என்று மட்டும் இன்னொரு கடிதம் போடாதீர்கள்.