வெள்ள நிவாரணம் கட்சிக்காரர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேருகிறதா? உங்கள் அனுபவம் என்ன?

மட்டும் என்று சொல்ல மாட்டேன். முதலில் அவர்களுக்கு, மிச்சம் மீதி இருந்தால் மற்றவர்களுக்கு. நான் பிறந்து வளர்ந்தது மும்பை தாராவியில், அதனால் இந்த ஊர்க் கதையைச் சொல்கிறேன்.

2015 சென்னை வெள்ளத்தின்போது நிவாரணப் பைகளில் முதல்வர் ஜெயலலிதா படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டப்பட்டதை ஊரே பேசியது. ஸ்டிக்கர் கண்ணுக்குத் தெரிந்தது, திட்ட முடிந்தது. ஆனால் உண்மையான விளையாட்டு பெயர்ப் பட்டியலில் நடக்கிறது. அதை யாரும் நம்மிடம் காட்டுவதில்லை.

இங்கே மும்பையில் அதற்குப் பஞ்சநாமா என்று பெயர். தண்ணீர் வடிந்ததும் வருவாய்த் துறை ஆள் வந்து, எந்த வீட்டில் என்ன சேதம் என்று சாட்சிகளை வைத்து எழுத வேண்டும். அதில் பெயர் ஏறினால்தான் பணம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு பொங்கி, கரையோரக் குடிசைப் பகுதிகளெல்லாம் மூழ்கின. அத்தனை வீட்டையும் ஏறி இறங்கிப் பார்க்க ஆள் ஏது?

அத்தை அப்போது குர்லாவில் வாடகைக்கு இருந்தாள். இட்லி வியாபாரம். கிரைண்டர் மோட்டார் சேற்றில் போய்விட்டது, அரிசி மூட்டை நாறிவிட்டது. கணக்கெடுக்க வந்தவர் சந்துக்குள் கால் வைக்கவே இல்லை. முனையில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, வீட்டு நம்பர்களை வரிசையாகச் சொன்னவர் ஒரு கட்சியின் ஏரியா ஆள். அவரும் நம்ம திருநெல்வேலிக்காரர்தான், ஆகவே மராத்திக்காரன் தமிழனை ஒதுக்கினான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். மாமா போய், "அண்ணாச்சி, எங்க வீட்டையும் சொல்லுங்க" என்றார். "ரேஷன் கார்டு உங்க பேர்ல இல்லையே, ஓனர் பேர்ல எழுதியாச்சு" என்று பதில் வந்தது. ஓனர் குடியிருந்தது மேட்டில். அவர் வீட்டில் ஒரு கரண்டிகூட நனையவில்லை. கட்சிக்கு வருஷா வருஷம் நன்கொடை கொடுப்பவர் என்பதை வேறு சொல்ல வேண்டுமா?

காகிதத்தில் பார்த்தால் இதில் குற்றமே இல்லை. வீடு மூழ்கியது உண்மை, வீட்டு நம்பரும் உண்மை, ஓனரும் உண்மை. தணிக்கைக்கு வருபவர் எதைப் பிடிப்பார்?

அதே 2005 டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. பொய் சொல்லி நிவாரணம் வாங்கினால் பிரிவு 52, நிவாரணப் பணத்தையோ பொருளையோ சுருட்டினால் பிரிவு 53. இரண்டுக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை. ஆனால் சாதாரண ஆள் நீதிமன்றம் போக வேண்டுமானால் முதலில் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வீட்டில் சேறு அள்ளுகிறவன் நோட்டீஸ் எழுதிக்கொண்டா இருப்பான்?

வங்கிக் கணக்கில் நேராகப் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். நடுவில் கமிஷன் அடிப்பது குறையும், ஒப்புக்கொள்கிறேன். பட்டியல் அதே பட்டியல்தானே? 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையில் 6,000 ரூபாயை ரேஷன் கடையில் கொடுத்தபோதும், கார்டு இல்லாதவர்கள் தனியாக விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க வேண்டியிருந்தது. வாடகைக்காரன் எந்த ஊரிலும் இரண்டாவதுதான்.

இனி வெள்ளம் வந்தால், சேற்றை அள்ளுவதற்கு முன்னால் வீட்டு நம்பர் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். கட்சி ஆள் எழுதிக்கொள்வார் என்று இருக்காமல், தாசில்தார் அலுவலகத்தில் நீங்களே ஒரு மனு கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். அப்புறம் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் பஞ்சநாமா நகலையும் பணம் வாங்கியவர்கள் பட்டியலையும் கேளுங்கள். யார் வீட்டில் தண்ணீர் ஏறியது, யார் வீட்டில் ஏறவில்லை என்பது சந்துக்காரர்களுக்குத் தெரியாதா என்ன? முடிந்தால் நாலைந்து வீடாகச் சேர்ந்து போங்கள். தனியாகப் போனால் நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.