வேகாஸ் – துவகான் – சயான்: நேரக் கணக்கு இடிக்கிறது

ஜூலையில் மாலை 5 மணிக்கு லாஸ் வேகாஸில் கிளம்பினால் யூட்டா மாநிலத்தின் துவகான் திறந்தவெளி அரங்கின் 8 மணி நாடகத்துக்கு நிதானமாகப் போய்விடலாம் என்று உங்கள் பயணத் திட்டத்தில் எழுதியிருக்கிறீர்கள். முடியாது. யூட்டா கடிகாரம் 1 மணி நேரம் முன்னால் ஓடும். 2 மணி நேரம் ஓட்டி இறங்கும்போது அங்கே மணி எட்டு. 3 மணிக்கே கிளம்புங்கள். அரங்கைச் சூழ்ந்த செம்பாறை, பகலில் குடித்த வெயிலை இருட்டிய பிறகும் கக்கும். சால்வை வேண்டாம், தண்ணீர் போதும்.

மறுநாள் சயான் தேசியப் பூங்காவில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற செங்குத்துப் பாறை உச்சிக்கு ஏற அனுமதிச்சீட்டு கட்டாயம். சீட்டைக் குலுக்கலில் தருவார்கள். ஏறுவதற்கு முந்தின நாள் யூட்டா நேரம் பிற்பகல் 3 மணிக்குள், அதாவது வேகாஸில் 2 மணிக்குள், பதிந்துவிடுங்கள். சீட்டு விழாவிட்டாலும், வழியிலுள்ள ஸ்கவுட் லுக்அவுட் என்ற இடம் வரை ஏறலாம். அதற்கு மேலே சங்கிலி பிடித்து ஏறும் பகுதிக்குத்தான் சீட்டு. ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர். மேகம் திரண்டால் நாரோஸ் என்ற குறுகிய பள்ளத்தாக்கின் ஆற்றில் மட்டும் இறங்காதீர்கள். எங்கோ பெய்த மழை அங்கே வெள்ளமாக வரும்.