உரக்க வாசிக்கிறான், புரியவில்லை: முதலாம் படிவ மாணவனுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் வசிக்கிறோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த என் மகன் இப்போது இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் பயில்கிறான். தமிழைத் தடங்கலின்றி உரக்க வாசிக்கிறான். வாசித்ததைப் பற்றிக் கேட்டால் விழிக்கிறான். கட்டுரை ஐந்து வரியைத் தாண்டுவதில்லை. மலாய்மொழியிலும் இதே நிலைதான். அவன் பள்ளியில் தமிழ் வகுப்பும் இல்லை. தமிழை நிறுத்திவிட்டு மலாய்மொழிக்கு மட்டும் டியூஷன் அனுப்பலாமா?

பதில்: தமிழை நிறுத்த வேண்டாம். உங்கள் மகனிடம் உள்ள குறை எழுத்தறிவில் இல்லை. பொருளைத் தொடர்ந்து பற்றிக்கொண்டு செல்லும் பழக்கத்தில் இருக்கிறது. எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் ஒன்றோடொன்று பெருக்கினால் வருவதே வாசிப்பு என்று காஃப் (Gough), டன்மர் (Tunmer) ஆகிய ஆய்வாளர்கள் 1986இல் விளக்கினார்கள். பெருக்கல் என்பதால், ஒன்று குன்றினால் மற்றொன்று எவ்வளவு உயர்ந்திருந்தாலும் பலன் குறைந்துவிடும். புரிந்துகொள்ளும் திறனை அவன் நன்கறிந்த மொழியில் வளர்த்தால், அது மலாய்மொழி வாசிப்புக்கும் கைகொடுக்கும்.

முதலில் பனுவல் அவனுக்கு ஏற்றதா என்று பாருங்கள். நூறு சொற்கள் கொண்ட ஒரு பகுதியில் பத்துக்கு மேற்பட்ட சொற்களில் அவன் தடுமாறினால், அது அவனுக்குக் கடினம். எளிதான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு அவனுக்குத் தெரிந்த உலகத்திலிருந்தே தொடங்குங்கள். எடுத்துக்காட்டாக இப்பகுதியைக் கொடுக்கலாம்: ‘மலாயாவில் வணிக நோக்கிலான முதல் செம்பனைத் தோட்டம் 1917இல் கோல சிலாங்கூர் வட்டாரத்தில், தென்னமரம் தோட்டத்தில் உருவானது. வெட்டிய குலைகளை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்ப்பது நல்லது. காலம் தாழ்ந்தால் பழத்தில் அமிலம் கூடி எண்ணெயின் தரம் குறையும்.’ ‘முதல் தோட்டம் எந்த ஆண்டு உருவானது?’ என்று கேட்டால், புரியாமலேயே அவன் விடையைப் பார்த்து எழுதிவிடுவான். பல பயிற்சி நூல்களின் கேள்விகள் இப்படித்தான் அமைந்திருக்கின்றன என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி. அதற்குப் பதிலாக, ‘வெட்டிய குலைகளை ஏற்ற லாரி அன்றைக்கே வர வேண்டியிருப்பது ஏன்?’ என்று கேளுங்கள். பகுதியில் லாரி என்ற சொல்லே இல்லை. தான் வாசித்ததையும் தோட்டத்தில் அன்றாடம் காண்பதையும் இணைத்தால்தான் அவனால் விடை சொல்ல முடியும். விடை சொன்ன பின், தாளை மூடிவைத்துவிட்டு, வாசித்ததை அவன் சொந்தச் சொற்களில் உங்களிடம் சொல்லட்டும்.

சொன்னதை அப்படியே எழுதச் செய்யுங்கள். வாசிப்பையும் எழுத்தையும் இரு வேறு பாடங்களாகப் பிரிக்காதீர்கள். தொடக்கத்தில் அவன், ‘அப்பா குலை வெட்டுகிறார். லாரி வரும். குலையை ஏற்றும்.’ என்று துண்டு துண்டாகத்தான் எழுதுவான். அம்மூன்றையும் ஒரே வாக்கியமாக்கச் சொல்லுங்கள். ‘அப்பா வெட்டிய குலைகளை லாரி வந்து ஏற்றிச் செல்லும்’ என்று அவன் எழுதும்போது, பெயரெச்சமும் வினையெச்சமும் இலக்கணப் பயிற்சியாக நில்லாமல் அவன் கைக்கு வந்துவிடுகின்றன. அடுத்து, ‘தாமதமானால் என்ன ஆகும்?’ என்று கேட்டால், ‘ஏற்றிச் செல்லாவிட்டால்’ என்று வாக்கியம் தானாகவே நீளும். ஐந்து வரியில் நின்றுவிடும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

பிழைகளை எல்லாம் ஒரே நாளில் சிவப்பு மையால் சுழிக்காதீர்கள். முதலில் அவன் சொல்ல வந்த செய்தியைப் பற்றிப் பேசுங்கள். பிறகு ஒரு வாரம் ரகர றகரத்தை மட்டும், அடுத்த வாரம் ஒற்றுப் பிழையை மட்டும் திருத்துங்கள். நாள்தோறும் இருபது நிமிடம் போதும்.

மலாய்மொழிப் பாடநூலிலும் இதே முறையைப் பின்பற்றலாம். வரலாற்றுப் பாடத்தின் ஒரு பத்தியை மலாய்மொழியில் வாசித்து, பொருளைத் தமிழில் உங்களிடம் சொல்லிவிட்டு, அதன் பின் மலாய்மொழியில் இரண்டு வாக்கியம் எழுதட்டும்.

தமிழ் வகுப்பைப் பொறுத்தவரை, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வழிசெய்கிறது. மற்றப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு, பள்ளி முதல்வரிடம் எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள்.