சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது பெற்றோருக்குச் சலிப்பா, நிறைவா?

இரண்டும்தான். அதற்காக "எல்லாம் கலந்ததுதான் வாழ்க்கை" என்று நழுவப் போவதில்லை. எது எப்போது வரும் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்து குழந்தையைப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள், கடைசியில் அதற்கும் வருகிறேன்.

எங்கள் வீடு பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளாதான், ஆனால் எங்கள் வீட்டிலும் மளிகைக் கடையிலும் தமிழ்தான். பெண்ணுக்கு நாலு வயது, பையனுக்கு ரெண்டு ஆகப்போகிறது. தையல் மிஷினை மூடிவைத்துவிட்டுப் பகல் முழுக்க நான்தான் அவர்களோடு இருக்கிறேன்.

முதலில் சலிப்பு. நம்மில் பலர் வெளியே சொல்லக் கூச்சப்படுவது அதைத்தான். பையனுக்கு அமிர்தம் பொடி ஊட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கோதுமை, கடலை, சோயா எல்லாம் சேர்த்துக் குடும்பஸ்ரீ என்ற கேரள மகளிர் குழுப் பெண்கள் தயாரிக்கும் மாவு அது, மூன்று வயது வரை அங்கன்வாடியில் தருவார்கள். காய்ச்சுவது சட்டென்று முடிந்துவிடும். முதல் நாலு வாய் ஒழுங்காகப் போகும். ஐந்தாவதைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு விழுங்கவே மாட்டான். இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றால் கள்ளு வண்டி காட்ட வேண்டும். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தோப்புகளிலிருந்து மற்ற மாவட்டங்களுக்குக் கள்ளு ஏற்றிப்போகும் வண்டிகள் எங்கள் ரோட்டில்தான் போகும். ஒரு வண்டி போனால் ஒரு வாய். அப்புறம் "இன்னொன்னு". நான் வண்டிக்கு எங்கே போவேன்? ஆடி மாதமானால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு, கொடியில் ஒரு துணி நிற்காது. பறக்கும் துண்டைப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். சாயங்காலம் இதே கூத்து மறுபடியும். அந்த நேரத்தில் யாராவது வந்து நிறைவைப் பற்றிப் பேசினால் கரண்டியாலேயே போடுவேன்.

இது எனக்கு மட்டும் இருக்கும் குணமில்லை. நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமனும் அவர் குழுவும் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளை நிகழ்வு நிகழ்வாகப் பிரித்துக் கேட்டு, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். மகிழ்ச்சிக் கணக்கில் பிள்ளைகளைக் கவனிப்பது டிவி பார்ப்பதற்கும் சமைப்பதற்கும் கீழே போய் நின்றது. 2009-ல் மேத்யூ ஒயிட், பால் டோலன் என்ற இருவர் கேள்வியை இரண்டாகப் பிரித்தார்கள்: அந்த நேரம் இனிமையாக இருந்ததா, செய்ததற்கு அர்த்தம் இருந்ததா? இனிமையில் பின்தங்கிய பிள்ளை வளர்ப்பு, அர்த்தத்தில் மேலே ஏறிவிட்டது. எனக்கு இது சரியென்றே படுகிறது.

ஆனால் சலிப்புக்குக் காரணம் குழந்தை என்று மட்டும் நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா முறத்தில் சின்ன வெங்காயத்தோடு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டால், அதே கிண்ணம், அதே அதக்கல், எனக்கு நேரம் போவதே தெரியாது. தனியாக மாட்டிக்கொள்வதுதான் ஆளைக் கொல்கிறது.

"நாங்கெல்லாம் அஞ்சு பெத்து வளத்தலையா, சலிச்சா போச்சு?" என்று என் மாமியார் ஒருநாள் கேட்டார். "உங்க புள்ளைங்கள யாரு அத்தை பாத்தாங்க?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நா எங்க கண்ணு பாத்தேன், விடிஞ்சா காட்டுக்குப் போயிருவேன். எங்க மாமியா வெச்சிருப்பாங்க" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

நிறைவு எப்போது வரும்? சொல்லிவிட்டு வராது. போன வாரம் பையன் உள் அறையில் விளையாடிக்கொண்டே "கள்ளு வண்டி" என்றான். நான் எட்டிப் பார்த்தேன், ரோடு காலி. கொஞ்சம் கழித்து நிஜமாகவே வந்தது. தேங்காய் லாரி, பஸ், கள்ளு வண்டி எல்லாவற்றையும் சத்தத்தை வைத்தே பிரிக்கிறான். எனக்கு இன்றுவரை அது பிடிபடவில்லை. நான் எரிச்சலோடு வாசலில் நின்ற நேரமெல்லாம் அவன் இதைத்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். அன்று மாலை வரை பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது உங்கள் கேள்வி. அவசரப்பட்டு வேலையை விடாதீர்கள். சட்டப்படி, தகுதியுள்ளவர்களுக்கு, ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இல்லையென்றால், பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, 50 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் குழந்தைக் காப்பகமும் இருக்க வேண்டும். முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில்தான் இருக்கப்போகிறீர்கள் என்றால், யார் எப்போது உங்களிடமிருந்து பிள்ளையை வாங்கிப் பார்த்துக்கொள்வார்கள் என்று முன்பே பேசி முடியுங்கள். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டாரைக் கவனிக்கும் வேலைக்குப் பெண்கள் நாளுக்கு 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம் செலவிட்டார்கள். அதுவும் அந்த வேலையில் கைவைத்த ஆண்களின் சராசரி! எங்கள் வீட்டில் ஞாயிறு காலை என் கணவர் பொறுப்பு என்று பேசி வைத்திருக்கிறோம். நான் பொள்ளாச்சி பஸ் ஏறி உட்காரும் முன்பே "பொடி எந்த டப்பாவில்?" என்று போன் வரும். எடுக்காமல் விட்டுப் பாருங்கள், அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.