வேல்யூசேஞ்சஸை எப்படி சப்ஸ்கிரைப் செய்வது?

கேள்வி: ஆங்குலர் ரியாக்டிவ் ஃபார்மில் வேல்யூசேஞ்சஸை (மதிப்பு மாறும்போதெல்லாம் புதிய மதிப்பை அனுப்பும் ஸ்ட்ரீம்) சப்ஸ்கிரைப் செய்து, நாடு மாறியதும் மாநிலப் பட்டியலை சர்வரிலிருந்து எடுக்கிறேன். வேறு பக்கம் போய்த் திரும்பி வந்தால் ஒரே கோரிக்கை இரண்டு மூன்று முறை போகிறது. சில சமயம் பழைய நாட்டின் மாநிலங்களே காட்டுகின்றன. அன்சப்ஸ்கிரைப் செய்யாததுதான் (கேட்பதை நிறுத்தாததுதான்) காரணமா?

பதில்: பாதி அதுதான். ஃபார்மை காம்பொனென்ட்டுக்குள்ளேயே (அந்தப் பக்கத்துக்கான கிளாஸ்) உருவாக்கியிருந்தால், பக்கத்தை விட்டதும் ஃபார்மும் சப்ஸ்கிரிப்ஷனும் சேர்ந்தே போய்விடும், கோரிக்கை இப்படிப் பெருகாது. உங்கள் ஃபார்ம் ஏதோ ஒரு சர்வீஸில் (பக்கங்களுக்குப் பொதுவான கிளாஸ்) இருக்க வேண்டும். அது அங்கேயே உயிரோடு இருக்க, பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் என்ஜிஆன்இனிட் (காம்பொனென்ட் தொடங்கும்போது ஓடும் மெத்தட்) புதிதாக ஒரு சப்ஸ்கிரிப்ஷனை அதன் தலையில் ஏற்றுகிறது. ஆங்குலர் 16 முதல் இதற்கு டேக்அன்டில்டெஸ்ட்ராய்ட் இருக்கிறது; காம்பொனென்ட் அழியும்போது சப்ஸ்கிரிப்ஷனை அதுவே முடித்துவிடும். அதை பைப்பில் (ஆபரேட்டர்களை வரிசையாகக் கோர்க்கும் இடம்) கடைசியாகப் போடுங்கள், ஸ்விட்ச்மேப்புக்கு (ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு கோரிக்கையைத் தொடங்கும் ஆபரேட்டர்) மேலே போட்டால் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் கோரிக்கை நிற்காது. என்ஜிஆன்இனிட்டில் எழுதுவதானால் டெஸ்ட்ராய்ரெஃப்பையும் (காம்பொனென்ட் அழிவதைத் தெரிவிக்கும் பொருள்) கொடுக்க வேண்டும், இல்லையென்றால் எர்ரர்தான்.

பழைய மாநிலங்கள் வருவது வேறு கதை. சப்ஸ்கிரைபுக்குள் இன்னொரு சப்ஸ்கிரைப் எழுதியிருப்பீர்கள், சரியா? ஜப்பானைத் தேர்ந்தெடுத்து உடனே பிரேசிலுக்கு மாற்றினால் இரண்டு கோரிக்கைகளும் ஓடும், ஜப்பானின் பதில் பிந்தி வந்தால் அதுதான் திரையில் நிற்கும். ஸ்விட்ச்மேப் போட்டால் புதிய மதிப்பு வந்ததுமே பழைய கோரிக்கை ரத்தாகிவிடும். அப்புறம், கேட்ச்எர்ரரை (பிழை வந்தால் பிடிக்கும் ஆபரேட்டர்) ஸ்விட்ச்மேப்புக்குள், எச்டிடிபி அழைப்போடு ஒட்டி வையுங்கள். வெளியே வைத்து காலிப் பட்டியலைத் திருப்பினால், சர்வர் ஒரே ஒரு முறை 500 (சர்வர் பிழை) அனுப்பினாலே முழு ஸ்ட்ரீமும் சத்தமில்லாமல் முடிந்துபோகும்; அதன்பிறகு எந்த நாட்டை மாற்றினாலும் ஒன்றும் நடக்காது, கேட்ச்எர்ரர் விழுங்கிவிட்டதால் ஆங்குலரும் உங்களுக்கு எதுவும் சொல்லாது. இதைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இன்னொரு பொறி: நாடு கன்ட்ரோலின் (ஃபார்மில் உள்ள நாடு புலம்) வேல்யூசேஞ்சஸுக்குள் நின்று முழு ஃபார்மின் வேல்யூவைப் படித்தால் பழைய நாடுதான் கிடைக்கும், ஏனென்றால் மேலே உள்ள குரூப் அதற்குப் பிறகே புதுப்பிக்கப்படுகிறது. கையில் வரும் மதிப்பையே பயன்படுத்துங்கள். முழு ஃபார்மையும் கவனித்துக்கொண்டு உள்ளேயே பேட்ச்வேல்யூ செய்வதாக (ஃபார்மின் மதிப்பை கோடில் மாற்றுவதாக) இருந்தால், மாற்றத்தை அறிவிக்காதபடி எமிட்ஈவென்ட்டை ஃபால்ஸ் ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

வேல்யூசேஞ்சஸ் ஆரம்ப மதிப்பைத் தராது என்பதால், திரும்பி வரும்போது நாடு ஏற்கெனவே நிரம்பியிருந்தும் மாநிலப் பட்டியல் காலியாக இருக்கும். ஸ்டார்ட்வித்தில் (ஸ்ட்ரீமின் முதல் மதிப்பைத் தரும் ஆபரேட்டர்) கன்ட்ரோலின் இப்போதைய மதிப்பைக் கொடுங்கள்.

பட்டியல் டெம்ப்ளேட்டுக்கு மட்டும்தான் என்றால் சப்ஸ்கிரைபே வேண்டாம், டெம்ப்ளேட்டிலேயே ஸ்ட்ரீமை சப்ஸ்கிரைப் செய்துகொள்ளும் அசிங்க் பைப் போதும். அதையே இரண்டு இடத்தில் எழுதினால் கோரிக்கையும் இரண்டாகிவிடும், அதனால் ஒரே இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.