மெட்ராஸ் டெரஸுக்கு ஸ்பிரே ஃபோம் வேண்டாம்

கேள்வி: நூறாண்டு பழைமையான எங்கள் மெட்ராஸ் டெரஸ் வீட்டில் ஏசி மின்கட்டணம் கூடிக்கொண்டே போகிறது. கூரையின் அடிப்பக்கத்தில் ஸ்பிரே ஃபோம் அடிக்கலாமா?
- வாசகி, ராயபுரம்

பதில்: அவசரப்படாதீர்கள், அம்மா. ஸ்பிரே ஃபோம் எனப்படும் பாலியூரித்தேன் நுரை வெப்பத்தை நன்றாகத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்த உங்கள் மெட்ராஸ் டெரஸ் கூரை, உள்ளே இறங்கும் மழை ஈரத்தை அடிப்பக்கம் வழியாகவும் உலர்த்திக்கொள்கிறது. அந்த வழியை நுரை அடைத்துவிட்டால், கட்டை சுவருக்குள் நுழையும் முனை, கண்ணுக்குப் படாமலே உளுத்துப்போகலாம். கறையான் ஏறினாலும் தெரியாது. நுரை தீப்பற்றக்கூடியது என்பதால் மூடாமல் விடவும் கூடாது.

முதலில் மொட்டைமாடித் தட்டோடுகளின் இடுக்குகளைப் பூசி, கோடைக்கு முன்பே வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சை இரண்டு கை அடியுங்கள். ஏசியை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் கணக்கு.