பனியில் செத்த ஆடு

அண்ணாச்சிக்கு,

தான்சானியாவில், தார் எஸ் சலாமில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வேலையாக மொரோகோரோ பக்கம் போய்வந்ததில் ஒரு கிராமத்துப் போதகரோடு பழக்கமானது. மூன்று சபைகளைப் பார்க்கிறார். வீட்டில் வேதாகமத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் தவிர வேறு புத்தகமே இல்லை. சென்னையில் என் சபையாரிடம் சொன்னேன். ஆளுக்குப் பத்து என்று பழைய ஆங்கில விளக்கவுரைகளும் இறையியல் புத்தகங்களும் சேர்த்து ஒரு கன்டெய்னர் அனுப்பலாம் என்கிறார்கள். கட்டாயம் இருக்க வேண்டிய பத்துப் புத்தகங்களைச் சொல்ல முடியுமா? பிடிஎஃப் இறக்கிக் கொடுத்தால் திருட்டாகுமா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

பட்டியல் தரப்போவதில்லை. பிடிஎஃப் விஷயத்தில் பதில் தெரிந்துகொண்டேதான் கேட்கிறீர்கள், அதையும் விட்டுவிடுவோம். கன்டெய்னர் என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. பத்து நாளாக அப்பாவின் டிரங்குப் பெட்டியைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

அப்பா சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் நடுவே, தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சிற்றூரில் உபதேசியார், அதாவது பாதிரியாருக்குக் கீழே சபையைப் பார்த்துக்கொள்பவர். சபையில் முக்கால்வாசி பனையேறிகள். அப்பாவிடம் வேதாகமம், ஜெபப்புத்தகம், பாமாலை, எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும், அட்டை போன ஒரு ஒத்தவாக்கியம், அவ்வளவுதான். நான் ஆறாவது படிக்கும்போது, உபதேசியார்களுக்கென்று வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகப் புத்தகம் வந்தது. சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். அப்பாவுக்கு விழுந்தது ஆறு பாக விளக்கவுரை ஒன்றின் மூன்றாம் பாகம் மட்டும். மற்ற ஐந்தும் எந்தெந்த ஊருக்குப் போயினவோ. கூடவே பிரசங்கத்துக்கு ஆகும் உதாரணக் கதைகள் அடங்கிய ஒரு சின்னப் புத்தகம். அப்பாவுடையது எட்டாம் வகுப்பு ஆங்கிலம். அரிக்கேன் விளக்கையும் அகராதியையும் வைத்துக்கொண்டு ராத்திரிக்கு அரைப் பக்கம் நகர்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சின்னப் புத்தகத்திலிருந்து நல்ல மேய்ப்பன் கதை ஒன்றைச் சொன்னார். ராத்திரி முழுக்கப் பனி பெய்கிறது. ஓர் ஆடு பனியில் மாட்டிச் சாகக் கிடக்கிறது. மேய்ப்பன் தேடிப் போகிறான். சொல்லும்போது அப்பாவுக்கே தொண்டை அடைத்தது. ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒரு பெரியவர் கேட்டார்: "ஐயா, நம்ம ஊர்லயும் மார்கழில பனி பெய்யுது. ஆடு வெளியதான் கெடக்கு. தும்மும், சாகாதே?"

அப்பா அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

ஸ்னோ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி பனி என்றது, அப்பாவும் பனி என்றார். அவர் கையிலிருந்த வேதாகமமே இதைவிட விவரமாக இருந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. ஏசாயா 1:18 நினைவிருக்கிறதா? "உறைந்த மழையைப்போல் வெண்மையாகும்." பனி என்ற சொல்லை அங்கே தொடவே இல்லை. ஏனென்றால் 133ஆம் சங்கீதத்தில் எர்மோன்மேல் இறங்கும் பனி, புல்நுனியில் நிற்கும் நம் பனி. அதற்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டு, நாம் கண்ணால் கண்டிராத ஒன்றுக்காக மழையை உறைய வைத்தார்கள். நம் வீடுகளில் இருப்பது பவர் ஐயர் தலைமையிலான குழுவின் உழைப்பில் 1871இல் வந்த மொழிபெயர்ப்பு. அவருக்கு முன்னால் பப்ரிசியஸ், அவருக்கும் முன்னால் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு என்று கைமாறி வந்த வேலை அது. "உறைந்த மழை" என்ற இரண்டு சொல்லுக்காக யாரோ ஒருவர் எத்தனை நாள் தாடியைச் சொறிந்தாரோ! ஒரு கன்டெய்னர் நிறைய ஆங்கிலப் புத்தகம் வந்திறங்கியிருந்தாலும் அப்பாவுக்கு அந்த இரண்டு சொல்லுக்கு ஈடாகியிருக்காது.

தரங்கம்பாடிக் கதையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சீகன்பால்கு வந்து இறங்கியது 1706இல். லண்டனில் எஸ்.பி.சி.கே. என்று கிறிஸ்தவ அறிவைப் பரப்பும் ஒரு சங்கம் இருந்தது. அதன் நிறுவனர் தாமஸ் பிரே அமெரிக்கக் குடியேற்றங்களின் பாதிரிமாருக்கு நூலகம் நூலகமாகப் புத்தகம் அனுப்பியவர். சரி, அங்கே இருந்தவர்கள் ஆங்கிலேயர்கள். தரங்கம்பாடிக்கோ அந்தச் சங்கம் ஓர் அச்சு இயந்திரத்தையே அனுப்பியது. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியில் ஹாலேயிலிருந்து வார்த்து வந்தன. அளவில் பெரியவை, காகிதத்தைத் தின்றன. உடனே ஊரிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். பாலாடைக்கட்டி டப்பாவின் ஈய மூடிகளை உருக்கியதாகச் சொல்வார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முடிந்தது. பக்கத்தில் பொறையாற்றில் காகிதம் செய்யவும் இறங்கிவிட்டார்கள். ஈயத்தை உருக்கியவர்கள் அவர்கள். நீங்கள் அலமாரியைக் காலி செய்பவர்களோடு சேர்ந்திருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சபையார் கொடுக்கும் பத்தில் எத்தனையை அவர்கள் இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்? வேண்டாத புத்தகத்தை எடைக்குப் போட்டாலாவது நாலு காசு வரும்.

உங்கள் போதகருக்கு எங்கள் பனிச் சிக்கல் கிடையாது. கிளிமஞ்சாரோ உச்சியில் உறைந்த மழை கிடக்கிறது, ஸ்வாஹிலியில் அதற்குத் தெலுஜி என்று ஒரு சொல்லும் இருக்கிறது. ஆனால் அவருக்கு வேறு பனி இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் சூனியம் வைத்தது யார் என்று கேட்டு வருவார்கள். செத்துப்போன தாத்தாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யலாமா என்று கேட்பார்கள். எடின்பரோவில் உட்கார்ந்து விளக்கவுரை எழுதியவர் அதற்கு என்ன சொல்லியிருப்பார்? 2006இல் ஆப்பிரிக்க அறிஞர்கள் எழுபது பேர் சேர்ந்து, நைஜீரியரான டோக்குன்போ அடெயெமோவைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, முழு வேதாகமத்துக்கும் ஒரே பாகத்தில் ஒரு விளக்கவுரை கொண்டுவந்தார்கள். சூனியம், எய்ட்ஸ், அகதிகள் என்று நடுநடுவே தனிக் கட்டுரைகள். ஸ்வாஹிலியிலும் அது வந்திருக்கிறது. தான்சானியாவில் ஆரம்பப் பள்ளியே ஸ்வாஹிலி வழிதான், உங்கள் போதகர் பிரசங்கிப்பதும் அதில்தான் இருக்கும். இதையாவது அவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அவர் என்ன கேட்டார் என்று ஒரு வரி இல்லை. உங்கள் சபையார் என்ன சொன்னார்கள் என்பதுதான் இருக்கிறது.

அவரை இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். அடுத்த ஞாயிறு எந்த வசனம், அதில் எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறார் என்று கேளுங்கள். கப்பல் கூலிக்கு வைத்திருக்கும் பணத்தில் அந்த ஸ்வாஹிலி விளக்கவுரையை அவருக்கும் பக்கத்து ஊர்ப் போதகர்களுக்கும் வாங்கிக் கொடுக்கலாம். மிச்சமிருந்தால் அங்கே மொழிபெயர்க்கும் யாருக்காவது ஒரு மாதச் சம்பளம். உங்களைத் திட்டித் தீர்த்துவிட்டேன். புத்தகமில்லாத ஒரு வீட்டைப் பார்த்து உங்களுக்கு மனசு கலங்கியதே, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதத் தோன்றியது.

மூன்றாம் பாகம் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. ஓரங்களில் அப்பாவின் பென்சில் எழுத்து, ஆங்கிலச் சொல்லும் பக்கத்தில் தமிழும். 41ஆம் பக்கத்தோடு அது நின்றுவிடுகிறது. உங்கள் சபையார் கேட்டால், அண்ணாச்சியிடம் ஒரு பழைய புத்தகம் இருக்கிறது, தர மாட்டார் என்று சொல்லிவிடுங்கள்.